முப்பத்தொன்றாம் படம்

பண்டபர்க்
6 மே 2014

நோரீன்,

நான் ஆல்பி பாஸ்கோ. வாரிண்டா விமானத்தளத்தில் உன் அப்பா பெர்ஸ் கில்லமோடு விமானங்களுக்குப் பெட்ரோல் ஊற்றியவன். உனக்கு நாலு வயது இருக்கும்போது உன்னை மூட்டை வண்டியில் உட்காரவைத்துத் தளம் முழுக்கத் தள்ளியிருக்கிறேன். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். தப்பாக நினைக்காதே.

இது என் கையால் நான் எழுதும் இரண்டாவது கடிதம். முதலாவது மின்சார அலுவலகத்துக்கு. அவர்கள் பதில் போடவில்லை. எழுபத்தெட்டு வயதில் நூலகத்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் படிக்கப் போகிறேன். இத்தனை வருடம் எனக்கு எழுத்து தெரியாது என்பது யாருக்கும் தெரியாது. இப்போது ஊரில் இருக்கும் பலகையெல்லாம் என்னோடு பேசுகிறது. முப்பது வருடம் நாயோடு போய் மீன் வாங்கிய கடையில் 'நாய்க்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருக்கிறது. ஒருவர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல மனிதர்கள்.

நூலகத்துப் பத்திரிகையில் உன்னைப் பற்றிப் படித்தேன். நானே படித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. வாரிண்டா பழைய விமானக் கொட்டகையை மூடப் போகிறார்கள், நீ சேர்த்து வைத்த விமானப் படங்களைக் குறிப்பெழுதி ஆகஸ்ட் கடைசியில் பிரிஸ்பேன் காப்பகத்துக்கு அனுப்புகிறாய் என்று போட்டிருந்தது. என்னிடம் பிஸ்கட் டப்பாவில் இருபத்து மூன்று படங்கள் இருக்கின்றன. ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். டி.சி.3 விமானத்தின் நிழலில் படுத்துத் தூங்குகிறவன் நான். என் தொப்பி மேல் உட்கார்ந்திருப்பது உன் அப்பா. வேண்டுமென்றேதான் உட்கார்ந்தார்.

அவர் இருக்கிறாரா? அதை மட்டுமாவது எழுது.

இதை எழுத நாலு நாள் ஆனது. விரல் வலிக்கிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

ஆல்பி பாஸ்கோ


வாரிண்டா
15 மே 2014

அன்புள்ள திரு. பாஸ்கோ,

படத்துக்கு நன்றி. அடுத்து அனுப்பும்போது விமானத்தின் மேல் எழுதியிருக்கும் பதிவெழுத்துகளைப் படத்தின் பின்பக்கம் குறித்து அனுப்புங்கள். எங்கள் விமானப் படச் சங்கத்தில் எழுத்தைப் பார்த்துத்தான் எதையும் அடையாளம் சொல்வோம். எழுத்து தெரியாத படம் எங்களுக்குப் பாதிப் படம்தான்.

சங்கம் என்று சொல்கிறேனே தவிர, மிச்சம் இருப்பது என்னையும் சேர்த்து மூன்று பேர். ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருவர் கேட்பதே இல்லை. கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. எண்ணூறு படங்களைத் தட்டச்சுக் குறிப்போடு பெட்டியில் அடுக்குவதற்குள் என் தலையிலேயே கூரை விழுந்துவிடும் போலிருக்கிறது. இத்துடன் பன்னிரண்டாம் படத்தின் நகல் இருக்கிறது. மூக்கு மட்டும்தான் தெரிகிறது, எழுத்தில்லை. இது எந்த விமானம் என்று மூன்று வருடமாகச் சண்டை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அப்பா இருக்கிறார். எண்பத்திரண்டு. ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். விமானம் பற்றிப் பேசமாட்டார். உங்கள் கடிதம் வந்ததைச் சொன்னேன்.

"ஆல்பி எழுதினானா? யாராவது எழுதிக் குடுத்திருப்பாங்க. அவன் பேனாவ ஸ்பேனர் மாதிரி புடிப்பான்" என்றார். அப்புறம் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நோரீன் கில்லம்


பண்டபர்க்
27 மே 2014

நோரீன்,

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்று அவரிடம் சொல். எனக்கு எழுத்து தெரியாதது அவருக்கு மட்டும் தெரியும் போலிருக்கிறது. ஒரு நாளும் அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. பேனாவை இப்போதும் ஸ்பேனர் மாதிரிதான் பிடிக்கிறேன். வாத்தியாரம்மா விட்டுவிட்டார்.

பன்னிரண்டாம் படம் 'சீமாட்டி'. எங்கள் கம்பெனியின் டி.சி.3. எழுத்து எனக்கு எதற்கு? மூக்குக்கு அடியில் குதிரை லாடம் மாதிரி ஒரு ஒட்டுத் தகடு இருக்கிறது பார். ஈமுப் பறவை ஒன்று ஓடுபாதையில் குறுக்கே வந்ததில் விழுந்த பள்ளம் அது. நானும் உன் அப்பாவும்தான் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தக் காலத்தில் எனக்கு விமானங்களை முகத்தை வைத்துத்தான் தெரியும், ஆட்களைத் தெரிவது போல.

பெட்ரோல் ஊற்றியது எப்படி என்று உன் குறிப்பில் இருக்கிறதா? இல்லையென்றால் எழுதிக்கொள். பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இறைப்போம். புனலில் மான்தோல் விரித்து வடிகட்டுவோம், தண்ணீர் கலந்துவிடக்கூடாது. ஆளுக்கு ஒரு இறக்கை. இடது உன் அப்பாவுடையது, வலது என்னுடையது. ஒரு நாளும் மாற்றிக்கொண்டதில்லை. வெயிலில் இறக்கை தோசைக்கல் போல இருக்கும், சாக்கை நனைத்துப் போட்டு அதன் மேல் மண்டியிடுவோம். டாங்க் மூடியைத் திருகி முடித்ததும் உள்ளங்கையால் அதை இரண்டு தட்டு தட்ட வேண்டும். "மூடியாச்சு" என்று கத்த வேண்டும். நடுவில் விமானத்தின் முதுகு மறைப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. சத்தம்தான் கணக்கு. உன் அப்பா கத்தினால் ஆடுகள் ஓடும்.

இன்னும் இரண்டு படம் வைத்திருக்கிறேன்.

ஆல்பி


வாரிண்டா
9 ஜூன் 2014

ஆல்பி,

லாடத் தகட்டை இருவரிடமும் காட்டினேன். காது கேளாதவர் உடனே ஒத்துக்கொண்டார். மற்றவர் இரண்டு நாள் கழித்து ஒத்துக்கொண்டார். மூன்று வருடச் சண்டையை முடித்துவிட்டீர்கள்.

உங்கள் கண் அப்படி என்றால் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். சீமாட்டியின் கடைசிப் படத்தை அனுப்புகிறேன். முப்பத்தொன்றாம் எண். அதன் குறிப்பையும் படித்துத் தப்பிருந்தால் சொல்லுங்கள். அன்று தளத்தில் இருந்தவர்களில் உயிரோடிருப்பது அப்பாவும் நீங்களும்தான். அப்பா அதைத் தொடக்கூட மாட்டார்.

குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'பிப்ரவரி 1958. வாரிண்டாவிலிருந்து பதினாலு பயணிகளோடு கிளம்பிய டி.சி.3, அறுபது மைல் தள்ளிக் களிமண் வெளியில் வயிற்றால் இறங்கியது. ஒரு டாங்கின் மூடி திறந்திருந்ததால் பறக்கும்போது காற்று பெட்ரோலை உறிஞ்சிவிட்டது. மழையில் வழி தேடிச் சுற்றியதில் மற்ற டாங்கும் வற்றியது. ஆசிரியை ஒருவர் ஒரு காலை இழந்தார். தலையில் அடிபட்ட விமானிக்கு அன்றைய நாளே நினைவில் இல்லாமல் போனது. இரண்டாம் நாள் ஆற்று வெள்ளம் விமானத்தைக் கொண்டுபோனது. எஞ்சியது இந்தப் படம் ஒன்றே. இதில் இடது இறக்கையின் மூடி திறந்து தொங்குவதைக் காணலாம். மூடத் தவறியவர் பி. கில்லம்.'

பெயரை நான்தான் போட்டேன். மகள் என்பதால் மறைத்தாள் என்று யாரும் சொல்லக்கூடாது.

கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பிய பிறகு முப்பது வருடம் ஊர்க் குப்பை லாரி ஓட்டினார். அது எங்களுக்குக் கஷ்டமாக இல்லை. மூடிதான் கஷ்டம். படுக்கும் முன் அடுப்புக் குழாய், தண்ணீர்க் குழாய், கார் டாங்க், ஜாம் பாட்டில் என்று ஒவ்வொன்றையும் மூன்று தரம் தொட்டுப் பார்ப்பார். கிளம்பிய காரை நிறுத்தித் திரும்பி வருவார். "உங்கப்பா மூடாம விட்டது ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் இந்த வீட்ல எதுவுமே தொறக்கல" என்பாள் அம்மா. இப்போதும் இல்லத்தில் சாஸ் பாட்டிலைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருக்கிறார். மற்றக் கிழவர்கள் திட்டுகிறார்கள்.

நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு நடுவில் இரண்டு தரம் எழுந்துபோய்க் குழாயைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நோரீன்


பண்டபர்க்
1 ஜூலை 2014

நோரீன்,

படமும் குறிப்பும் வந்தன. படித்தேன். இங்கே குளிர் அதிகம், விரல் மடங்கவில்லை. முப்பத்தொன்றைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். இன்னொரு படம் வைத்திருக்கிறேன், ஆட்டைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றியது. அது நல்ல படம்.

ஆல்பி


வாரிண்டா
10 ஜூலை 2014

ஆல்பி,

ஆட்டுப் படம் கிடைத்தது. நான் கேட்டது அதுவல்ல.

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்துவிட்டார், ஆனால் முன்னைப் போல இல்லை. பெட்டிகளை எடுக்க ஆகஸ்ட் 30 அன்று லாரி வருகிறது. அதற்குப் பிறகு குறிப்பில் எதையும் மாற்ற முடியாது, காப்பகத்தில் அப்படியே இருந்துவிடும். சரி என்றால் சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

நோரீன்


பண்டபர்க்
24 ஜூலை 2014

நோரீன்,

சரி இல்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதினோரு நாள் ஆனது. எழுதத் தெரியாததால் இல்லை.

அந்தப் படம் பிலிமைப் புரட்டிப் போட்டு அச்சடித்தது. இடம் வலமாகியிருக்கிறது, வலம் இடமாகியிருக்கிறது. மேட்டில் நின்று பின்பக்கமிருந்து எடுத்திருக்கிறார்கள். பயணிகள் இறங்கிய கதவு திறந்து காது போல விரிந்து நிற்கிறது பார். அது எந்தப் பக்கம் இருக்கிறது? வலப்பக்கம். உன்னிடம் இருக்கும் நம் டி.சி.3 படங்களையெல்லாம் எடுத்துப் பார். ஒன்றுக்காவது வலப்பக்கம் கதவு இருக்கிறதா? எத்தனை ஆயிரம் மூட்டை அந்தக் கதவுக்குத் தூக்கியிருக்கிறேன். என் தோளுக்குத் தெரியும்.

திறந்து தொங்கும் மூடி வலது இறக்கையுடையது. என்னுடையது.

நீங்கள் யாரும் கவனிக்காததற்குக் காரணம் உண்டு. எழுத்து இருந்திருந்தால் கண்ணாடியில் பார்ப்பது போலப் புரண்டு தெரிந்திருக்கும், குழந்தைகூடச் சொல்லியிருக்கும். அந்தப் படத்தில் எழுத்தே இல்லை. விமானம் விழுந்தால் பத்திரிகைக்காரன் வருவதற்குள் கம்பெனிப் பெயரை வெள்ளையடித்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். மறுநாள் விடியற்காலை மேனேஜர் ஹாட்டோ என்னைத்தான் பெயிண்ட் டப்பாவோடு லாரியில் அனுப்பினார். "பேரு, எழுத்து எல்லாத்தையும் அடிச்சிரு. ஒண்ணும் தெரியக்கூடாது" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே எல்லாவற்றையும் அழித்தேன்.

இறக்கையில் இருந்த எழுத்தை அடிக்க மேலே ஏறினேன். என் மூடி சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போய் உன் அப்பாவின் மூடியைப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தேன். என்னுடையதை மூடப் போனேன், பிறகு மூடவில்லை. மூடினால் அது என்னுடையது என்று ஒத்துக்கொள்வது போல இருந்தது. என்னை ஏற்றிவந்த லாரிக்காரர் தன் கேமராவால் மேட்டிலிருந்து படம் எடுத்தார்.

விமானம் கிளம்பிய அன்று தூறல் ஆரம்பித்திருந்தது. தபால் மூட்டை தாமதம். உன் அப்பா அந்தப் பக்கத்திலிருந்து "மூடியாச்சு" என்றார். நானும் "மூடியாச்சு" என்றேன். சொல்லிவிட்டு மூடலாம் என்று நினைத்தேன். மூட்டை இறக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

ஆறு வாரம் கழித்துப் படம் அச்சாகி வந்தது. லாரிக்காரர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஹாட்டோ அதை மேசையில் போட்டு, "எடது ரெக்க யாருது?" என்றார். உன் அப்பா, "என்னுது சார். ஆனா நான் மூடினேன்" என்றார். "படம் பொய் சொல்லுமா?" என்றார் ஹாட்டோ. உன் அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். எனக்குக் கதவைப் பார்த்தவுடனே படம் புரண்டிருப்பது தெரிந்துவிட்டது. என்னிடம் ஒரு சாட்சித் தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கிறுக்கினேன்.

அதன் பிறகு ஐம்பத்தாறு வருடமும் எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன். படிக்கத் தெரிந்திருந்தால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன், எழுதத் தெரிந்திருந்தால் பெர்ஸுக்கு எழுதியிருப்பேன் என்று. இப்போது எழுதத் தெரிந்துவிட்டது. உனக்கு ஒவ்வொரு படமாக அனுப்பிக்கொண்டு இரண்டு மாதம் சுற்றிவந்தேன்.

எழுதத்தான் தெரியாது. வாய் இருந்தது.

ஆல்பி பாஸ்கோ


வாரிண்டா
2 ஆகஸ்ட் 2014

திரு. பாஸ்கோ,

கதவுகளைப் பார்த்தேன். எல்லாம் இடப்பக்கம். இருபது வருடமாக அந்தப் படத்தைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். நானும் பார்க்கவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. எண்பத்திரண்டு வயதில் சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? போன வருடங்கள் கிடைக்குமா, அல்லது அத்தனையும் வீணாகப் போனது என்ற சேதி கிடைக்குமா? அம்மா தன் கணவரைக் கவனக்குறைவான மனிதர் என்று நம்பியே செத்தாள். குறிப்பில் அவர் பெயரைப் போட்டது நான்.

உங்கள் பிஸ்கட் டப்பாப் படங்களைத் திருப்பி அனுப்பட்டுமா என்று எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

நோ. கில்லம்


பண்டபர்க்
12 ஆகஸ்ட் 2014

நோரீன்,

படங்கள் உன்னிடமே இருக்கட்டும்.

வேறு எழுத வேண்டாம் என்றாய். இரண்டு தாள் மட்டும் வைத்திருக்கிறேன். ஒன்று முப்பத்தொன்றுக்கான குறிப்பு:

'இந்தப் படம் இடம் வலம் மாறி அச்சானது. திறந்திருப்பது வலது இறக்கையின் மூடி. அதை மூடாதவன் ஆல்பர்ட் பாஸ்கோ. மூடியதாகக் கத்தியவனும் அவனே. பெர்ஸ் கில்லம் தன் மூடியை மூடியிருந்தார். மறுநாள் இறக்கையில் ஏறித் தொட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். ஆ. பாஸ்கோ, தன் கையால் எழுதியது.'

இதைத் தட்டச்சு செய்யாதே. இப்படியே ஒட்டு. என் எழுத்து என்று தெரியட்டும்.

மற்றது பெர்ஸுக்கு. பெரிதாக எழுதியிருக்கிறேன், கண்ணாடி இல்லாமலும் படிக்கலாம். கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

ஆல்பி


வாரிண்டா
29 ஆகஸ்ட் 2014

ஆல்பி,

லாரி நாளைக்கு வருகிறது. முப்பத்தொன்றின் கீழ் உங்கள் தாளை ஒட்டிவிட்டேன். எண்ணூறு படங்களில் அது ஒன்றுதான் கையெழுத்தில் இருக்கிறது.

அப்பாவுக்கு எழுதிய தாளைப் பத்து நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டு தரம் இல்லத்து வாசல்வரை போய்த் திரும்பினேன். நேற்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொடுத்தேன். நீங்கள் எழுதியிருந்ததை நானும் படித்திருந்தேன்: 'பெர்ஸ், உன் மூடியை நீ மூடினாய். நான் பார்த்தேன். என்னுடையதுதான் திறந்திருந்தது. ஆல்பி.'

கையில் வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். முதலில் கேட்டது, "இது அவன் எழுத்தா?"

"ஆமாப்பா. ஒரு கடுதாசி எழுதப் பதினோரு நாளாச்சாம்."

"கோழி கெளறுன மாதிரி இருக்கு."

பிறகு படத்தைக் கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் தரம். பெட்டியிலிருந்து எடுத்துப் போயிருந்தேன். கதவைக் காட்டினேன். அவர் படத்தைத் திருப்பி, வெள்ளையான பின்பக்கம் தன்னைப் பார்க்க, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். தாள் வழியாக விமானம் மங்கலாகத் தெரிந்தது. கதவு இடப்பக்கம் போயிருந்தது.

"இப்ப சரியா நிக்குது சீமாட்டி" என்றார்.

படத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

"ரெண்டு தட்டு தட்டினேன்டி நோரீன். அப்ப எனக்குத் தெரியும். ஒரு ரெண்டு மூணு வருஷம் தெரிஞ்சுது. அப்புறம் தெரியாமப் போச்சு. நானும் படத்தத்தான் நம்பினேன்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நாள் முழுக்கச் சுமை இறக்கியவர் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உங்களை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். வந்தா அவன் மூஞ்சியப் பாக்கணும். எழுதச் சொல்லு." பிறகு, "வேகமா எழுதக் கத்துக்கச் சொல்லு. ஒரு கடுதாசிக்குப் பதினோரு நாள் எடுத்தா நான் இருக்கமாட்டேன்" என்றார்.

உங்களை மன்னித்துவிட்டார் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். எனக்குத் தெரியாது. நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

அப்புறம் தட்டை இழுத்து ஆட்டுக்கறியைச் சாப்பிட்டார். சாஸ் ஊற்றிக்கொண்டார். பாட்டிலைத் தள்ளி வைத்தார். மூடி மேசைமேல் கிடந்தது. என் கை தானாக அதை எடுக்கப் போனது. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

நான் கிளம்பும்வரை அது திறந்தேதான் இருந்தது.

நோரீன்